ஒரு வினாடிக்குள் எத்தனை கோடி?

நேரத்தை அளக்க இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் மிகச் சிறிய அலகுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்கள்.

ஐயா, நான் பதினோராம் வகுப்பு மாணவன். வினாடியை நானோ வினாடியாக மாற்றும்போது சுழியங்களைச் சேர்ப்பதா, குறைப்பதா என்று ஒவ்வொரு தேர்விலும் குழம்பிப்போகிறேன். வழி சொல்லுங்கள்.

கணக்கைத் தொடங்கும் முன்பே விடை பெரிதாக வருமா, சிறிதாக வருமா என்று ஓரத்தில் எழுதிவிடு தம்பி. அளக்கும் அலகு சிறிதானால் எண்ணிக்கை பெருகும். ஒரு வினாடிக்கு 100 கோடி நானோ வினாடி. ஆகவே 3 வினாடி என்றால் 300 கோடி. திரும்பி வரும்போது எண் சுருங்கும்: 45 நானோ வினாடி என்பது 0.000000045 வினாடி.

படிகளை வரிசையாக மனத்தில் வைத்துக்கொள். மில்லி ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒன்று, நானோ நூறு கோடியில் ஒன்று, பிக்கோ லட்சம் கோடியில் ஒன்று. அதன் கீழே ஃபெம்டோ, அட்டோ, செப்டோ, யோக்டோ. ஒவ்வொரு படியும் மேலே உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணியோ நாளோ கொடுத்திருந்தால் நேரே நானோவுக்குத் தாவாதே. முதலில் வினாடிக்கு வந்து நில். 1 நாள் என்பது 86,400 வினாடி. அங்கிருந்து சுழியம் சேர்ப்பது சுலபம்.

பஞ்சாங்கத்தில் நாழிகை பார்த்தே பழகியவன் நான். ஒரு நாழிகைக்கு எத்தனை நானோ வினாடி?

நாழிகை 24 நிமிடம், அதாவது 1,440 வினாடி. நானோ வினாடியில் 1.44 லட்சம் கோடி.

நம் பழைய அளவு அறுபது அறுபதாகக் கீழே இறங்கியது. நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை, அது 24 வினாடி. இயற்பியல் ஆயிரம் ஆயிரமாக இறங்குகிறது. ஒரு விநாழிகையை விடாமல் ஆறு முறை அறுபதால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அரை நானோ வினாடியில் வந்து நிற்பீர்கள். பாதை வேறானாலும் ஆறே படியில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

‘கண் இமைக்கும் நேரம்’ என்கிறோமே, அது எவ்வளவு?

இமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். 0.3 வினாடி என்று கொண்டால் 30 கோடி நானோ வினாடி. அதற்குள் ஒளி 90,000 கிலோமீட்டர் போய்விடும்; பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி இன்னும் மிச்சமிருக்கும். இமைப்பையும் விரல் நொடிப்பையும் ஒலியின் கால அளவுக்கு அலகாக வைத்தது தொல்காப்பியம். எழுத்தை உச்சரிக்கும் கால அளவைச் சொல்ல அது போதும். ஒளியை அளக்கப் போதாது.

“ஒரு நிமிஷம் இரு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார் என் கணவர். அது எத்தனை பிக்கோ வினாடி?

60 லட்சம் கோடி. அரை மணி கழித்து வந்தால் 1,800 லட்சம் கோடி. அலகை மாற்றினால் ஆள் சீக்கிரம் வரமாட்டார் அம்மா, போன் போடுங்கள்.

நானோ வினாடியில் அப்படி என்னதான் நடந்துவிடும்? யாருக்குத் தேவை இது?

உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குத் தேவை. ஒரு நானோ வினாடியில் ஒளி சுமார் 30 செ.மீ. போகிறது. அமெரிக்கக் கடற்படையின் கணினி வல்லுநர் கிரேஸ் ஹாப்பர், ஏறக்குறைய அந்த நீளத்துக்கு வெட்டிய மின்கம்பித் துண்டுகளைத் தம் சொற்பொழிவு கேட்க வந்தவர்களுக்குக் கொடுப்பார். ‘நானோ வினாடி என்பது இதுதான்’ என்று கையில் பிடித்துப் பார்க்க வைத்தார். மைக்ரோ வினாடிக்கு அதே போல 300 மீட்டர் கம்பிச் சுருள் வைத்திருந்தார். நான் அறிந்தவரை இந்தப் பாடத்தை இதைவிட நன்றாக யாரும் நடத்தியதில்லை.

இப்போது ஜிபிஎஸ்ஸுக்கு வாருங்கள். செயற்கைக்கோளிலிருந்து சமிக்ஞை எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்ற நேர வித்தியாசத்தை வைத்தே நீங்கள் நிற்கும் இடம் கணக்கிடப்படுகிறது. கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். மேலே சுற்றும் கடிகாரங்கள் சார்பியல் விளைவுகளால் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேரும். ஐன்ஸ்டைனின் கோட்பாடு இல்லாமல் ஆட்டோக்காரர் உங்கள் வீட்டுக்கு வர முடியாது.

நம் நாவிக் அமைப்பிலும் இந்தக் கடிகாரம்தான் உயிர்நாடி. முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-யில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாயின. மற்ற பாகங்கள் நன்றாக இருந்தும் இடம் காட்டும் வேலைக்கு அது உதவாமல் போயிற்று. மாற்றுச் செயற்கைக்கோள் 2018 ஏப்ரலில் போனது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01, இந்தியாவிலேயே உருவாக்கிய ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. ராக்கெட் கிளம்பும் காட்சியைத்தான் தொலைக்காட்சி காட்டுகிறது. எனக்கு அந்தச் சின்னக் கடிகாரம்தான் பெரிய செய்தி.

என் லேப்டாப் 3 ஜிகாஹெர்ட்ஸ். அதன் ஒரு துடிப்பு எவ்வளவு நேரம்?

நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 10 செ.மீ.தான் போகும். சில்லுகளை ஏன் இவ்வளவு நெருக்கி வைக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ஷேக்’ என்று ஒரு அலகு இருப்பதாகப் படித்தேன். உண்மையா? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஷேக்?

உண்மை. ஒரு ஷேக் என்பது 10 நானோ வினாடி. ஒரு நிமிடத்துக்கு 600 கோடி ஷேக், ஒரு மணிக்கு 36,000 கோடி. ஆட்டுக்குட்டி வாலை இரண்டு ஆட்டு ஆட்டுவதற்குள் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர்கள் அதிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார்கள்.

அவர்களுக்கு ஏன் 10 நானோ வினாடி? ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்து வெளியேறும் நியூட்ரான் அடுத்த அணுக்கருவை அடித்துப் பிளக்க ஆகும் நேரம் ஏறக்குறைய அவ்வளவு. ஆகவே ஒரு ஷேக் என்பது சங்கிலித் தொடர்வினையின் ஒரு தலைமுறை.

கணக்கை எளிமையாக்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் பிளவுகள் இரட்டிப்பாவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று 80 முறை இரட்டிக்கும்போது மொத்தம் சுமார் 2.4×10²⁴ அணுக்கள் பிளந்திருக்கும். அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான யுரேனியம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று போட்ட குண்டில் இருந்த சுமார் 64 கிலோவில் பிளந்ததும் ஒரு கிலோவுக்குக் குறைவுதான். 80 ஷேக் என்றால் 0.8 மைக்ரோ வினாடி. அதிலும் முதல் 70 ஷேக் வரை அநேகமாக எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லலாம். மொத்த ஆற்றலில் 99 சதவீதம் கடைசி 7 ஷேக்கில், வெறும் 70 நானோ வினாடியில் வெளிப்படுகிறது. அதற்குள் சூடாகி விரியும் உலோகம் தொடர்வினையைத் தானே அணைத்தும் விடுகிறது.

இதை வினாடியில் எழுதினால் 0.0000008. அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. ஷேக்கில் எழுதினால் எந்தத் தலைமுறையில் என்ன நடந்தது என்று படிப்படியாகத் தெரியும். அலகு என்பது நடப்பதோடு பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அந்த 80 ஷேக்கின் விளைவாக அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணக்கு வகுப்பில் ஷேக்கைச் சொல்லித்தரும் ஆசிரியர் இதை விட்டுவிடக் கூடாது.

ஜிஃபி?

வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் முன்மொழிந்தது. வெற்றிடத்தில் ஒளி 1 செ.மீ. கடக்கும் நேரம், சுமார் 33.4 பிக்கோ வினாடி. 1983 முதல் ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுத்தே விட்டதால், ஒரு வினாடிக்கு 2,997,92,45,800 ஜிஃபி என்று பிழையே இல்லாமல் சொல்லலாம். மின்பொறியாளர்களும் கணினிக்காரர்களும் இதே பெயரை வேறு அளவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். எங்காவது ஜிஃபி என்று பார்த்தால், எந்த ஜிஃபி என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஒரு வருடத்தில் எத்தனை வினாடி என்று மனக்கணக்காகச் சொல்ல ஏதாவது உபாயம்?

‘பை’ தெரியுமல்லவா, 3.14? அதைக் கோடியால் பெருக்குங்கள். 3.14 கோடி. உண்மை அளவு 3.156 கோடி. பிழை அரை சதவீதம்கூட இல்லை. இயற்பியல் மாணவர்கள் தினமும் பயன்படுத்தும் உபாயம் இது. பைக்கும் வருடத்துக்கும் இதில் எந்த உறவும் இல்லை, எண்கள் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

இதிலிருந்தே இன்னொன்று: ஒரு நூற்றாண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது நானோ நூற்றாண்டு, 3.16 வினாடி. மைக்ரோ நூற்றாண்டு 52.6 நிமிடம். கல்லூரியில் ஒரு வகுப்பு ஏறக்குறைய அவ்வளவு நீளம்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஆயிரத்தில் ஐந்து வினாடியில் வெற்றி தோல்வி! அதையும் நானோ வினாடியில் அளந்தால் இன்னும் துல்லியம் கிடைக்குமே?

கிடைக்காது. 2024-ல் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. வித்தியாசம் 5 மில்லி வினாடி, அதாவது 50 லட்சம் நானோ வினாடி, அல்லது 5 லட்சம் ஷேக். கோட்டைக் கடக்கும் வேகத்தில் அது சுமார் 5 செ.மீ. தூரம். படத்தில் கண்ணால் பார்க்க முடிகிற இடைவெளி, ஆகவே தீர்ப்பு நியாயமானது. ஒரு நானோ வினாடியில் ஓட்டக்காரர் நகர்வது ஓர் அணுவின் அகலத்தைவிடச் சில பத்து மடங்கு மட்டும். அந்த அளவுக்கு அவருடைய மார்பு எங்கே முடிகிறது என்று யாரால் சொல்ல முடியும்?

நீச்சல்காரர்கள் இந்தப் பாடத்தை 1972-ல் கற்றார்கள். மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 வினாடியில் வென்றதாக அறிவித்தார்கள். அவர்கள் நீந்திய வேகத்துக்கு அது 3 மில்லிமீட்டர். ஆனால் 50 மீட்டர் குளம் கட்டும்போது ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நீளத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை விதிகளே அனுமதிக்கின்றன; கணக்கு சென்டிமீட்டரில் இருக்கிறது. எட்டு நீளம் நீந்தியவருக்கு அந்த வித்தியாசம் எட்டு முறை கூடும். யார் வேகமாக நீந்தினார் என்பதையா அளந்தார்கள், எந்தப் பாதை குட்டை என்பதையா? பிறகு விதியை மாற்றி, நூறில் ஒரு வினாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால்தான் 2016-ல் ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், சேஹ் மூவருக்கும் வெள்ளி கிடைத்தது. எனக்கு அந்த மூன்று வெள்ளியும் பிடிக்கும். அளவுகோலால் சொல்ல முடியாததை அங்கே யாரும் சொல்லவில்லை.

ஒளியை முந்திய நியூட்ரினோ என்று ஒருமுறை பரபரப்பாகப் பேசினார்களே, அது கடைசியில் என்ன ஆயிற்று?

2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் கிளம்பும் நியூட்ரினோக்கள் பூமிக்குள் ஊடுருவிச் சுமார் 730 கிலோமீட்டர் தாண்டி இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் உள்ள கருவிக்கு வருகின்றன. ஒளிக்கு அந்தத் தூரம் 2.4 மில்லி வினாடி. நியூட்ரினோக்கள் அதைவிட 60 நானோ வினாடி முன்னால் வந்துவிட்டதாகக் கணக்கு காட்டியது. 2.4 மில்லி வினாடியில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. நம் ஷேக்கில் ஆறு. இந்த ஆறு ஷேக் உண்மையானால் நூறாண்டு இயற்பியலை அடியோடு திருத்தி எழுத வேண்டும்.

60 நானோ வினாடியை நீளமாக மாற்றினால் 18 மீட்டர். இரண்டு ஆய்வகங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை 20 செ.மீ. பிழைக்குள் அளந்திருந்தார்கள். ஆகவே தூரத்தில் தவறில்லை, நேரத்தில்தான் எங்கோ இருக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் பிடிபட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை வடம் ஒன்று அதன் இணைப்பில் முழுதாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்தது. ஒளி சரியாக நுழையாததால் சமிக்ஞை தாமதித்தது. அதைச் சரிசெய்தபின் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை. அதே மலைக்கடியில் இருந்த மற்றக் குழுக்களின் அளவீடுகளும் அதையே சொல்லின.

அந்தக் குழுவைச் சிலர் ஏளனம் செய்தார்கள். நான் அவர்கள் பக்கம். தாங்களே நம்ப முடியாத ஒரு விடை வந்தபோது அதை ஒளிக்காமல் உலகத்தின் முன் வைத்து, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பிறகு பிழையையும் தாங்களே தேடிப் பிடித்தார்கள்.

மியூயான் 2.2 மைக்ரோ வினாடிதான் உயிர் வாழும் என்கிறது பாடப்புத்தகம். வானத்தின் உச்சியில் பிறக்கும் அது தரை வரை எப்படி வருகிறது?

அருமையான கேள்வி. மாற்றிப் பார்த்துவிடுவோம். 2.2 மைக்ரோ வினாடி என்பது 220 ஷேக். அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். மியூயான்கள் பிறப்பது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து தரைக்கு ஒளிக்கே 50 மைக்ரோ வினாடி ஆகும். இந்தக் கணக்குப்படி ஆயிரம் கோடியில் ஒன்றோ இரண்டோதான் தரையைத் தொட வேண்டும். ஆனால் இந்த வரியை நீங்கள் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் போய்க்கொண்டிருக்கிறது.

விடை ஐன்ஸ்டைனிடம் இருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் மியூயானின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடுகிறது. அதற்கு 2.2 மைக்ரோ வினாடி ஆகும்போது நமக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகிவிடுகிறது. ஆகவே மாற்றும்போது எந்த அலகு என்று கேட்பதோடு, யாருடைய கடிகாரம் என்றும் கேட்க வேண்டும்.

இந்தத் துகள்களைப் பிடிக்க நம் ஊட்டியில் ஒரு பெரிய கூடமே இருக்கிறது, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3. 2014 டிசம்பர் 1 அன்று அதன் மேலே ஒரு இடிமேகம் கடந்தபோது மியூயான்களின் எண்ணிக்கை மாறியது. அந்த மாற்றத்தை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடாமல், மலைமேல் இப்படி ஒன்று நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2023 இயற்பியல் நோபல் அட்டோ வினாடிக்குக் கொடுத்தார்கள். அட்டோ வினாடி எவ்வளவு சிறியது? புரியும்படி ஒரு வரியில்.

ஒரு வினாடியில் உள்ள அட்டோ வினாடிகளை வினாடிக்கு ஒன்றாக எண்ணினால் முடிக்க 3,170 கோடி ஆண்டு ஆகும்; பிரபஞ்சத்துக்கே இப்போது வயது 1,380 கோடி ஆண்டுதான்.

ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. அட்டோ வினாடியில் ஒளி போகும் தூரம் 0.3 நானோமீட்டர், ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கடக்கும் அளவு. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் சுற்றிவர சுமார் 150 அட்டோ வினாடி என்பது பழைய போர் மாதிரியின் கணக்கு. அதற்கு முந்தைய படியான ஃபெம்டோ வினாடியில் வேதிப் பிணைப்பு முறிவதைப் பார்க்கலாம். அதைச் செய்து காட்டிய எகிப்தியரான அகமது ஸெவைலுக்கு 1999-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அணு நகர்வதைப் பார்க்க ஃபெம்டோ போதும், எலெக்ட்ரானைப் பார்க்க அட்டோ வேண்டும். ஆன் லூயியே 1987-ல் மந்த வாயுவுக்குள் லேசரைச் செலுத்தி வழி திறந்தார். 2001-ல் பியர் அகோஸ்தினி 250 அட்டோ வினாடி ஒளித் துடிப்புகளையும், ஃபெரன்ஸ் க்ராவுஸ் 650 அட்டோ வினாடித் துடிப்பையும் எட்டினார்கள். மூவரும் 2023-ல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதையும்விடச் சிறிய நேரத்தை யாராவது அளந்திருக்கிறார்களா?

2020-ல் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளி ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கடக்கும் நேரத்தை அளந்தார்கள்: 247 செப்டோ வினாடி. நீங்களே சரிபார்க்கலாம். அந்த மூலக்கூறில் இரு அணுக்களுக்கும் இடைவெளி 0.074 நானோமீட்டர். ஒளியின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள், வரும்.

உயிரியல் மாணவி நான். ரைபோசோமுக்கு 70எஸ், 50எஸ், 30எஸ் என்று படிக்கிறோம். அந்த எஸ் நேரத்தின் அலகு என்று ஆசிரியர் சொன்னார். துகளின் அளவை நேரத்தால் எப்படிச் சொல்வது? மேலும் 50-ம் 30-ம் சேர்ந்தால் 80 அல்லவா?

அந்த எஸ், ஸ்வெட்பெர்க். உயர்வேகச் சுழலியை உருவாக்கி 1926-ல் வேதியியல் நோபல் பெற்ற ஸ்வீடன் விஞ்ஞானி தியோடர் ஸ்வெட்பெர்கின் பெயர். 1 ஸ்வெட்பெர்க் என்பது 10⁻¹³ வினாடி, நம் கணக்கில் 100 ஃபெம்டோ வினாடி. சுழலியில் துகள் கீழே படியும் வேகத்தைச் சுழற்சி தரும் முடுக்கத்தால் வகுக்கிறார்கள். வேகத்தை முடுக்கத்தால் வகுத்தால் மிஞ்சுவது வினாடி. ஆகவே அலகு நேரத்துடையது. அதற்காக ரைபோசோம் 70 ஸ்வெட்பெர்க் நேரம் ஏதோ செய்கிறது என்று பொருளில்லை.

கூட்டினால் ஏன் சரிவரவில்லை? படியும் வேகம் எடையை மட்டும் சார்ந்ததல்ல, வடிவத்தையும் திரவம் கொடுக்கும் தடையையும் சார்ந்தது. இரண்டு துண்டும் ஒட்டிக்கொள்ளும்போது எடைகள் கூடுகின்றன, மற்றவை அப்படிக் கூடுவதில்லை. ஆகவே 50-ம் 30-ம் 70. அந்த 30எஸ் துண்டின் அமைப்பை அணு அணுவாகக் கண்டவர்களில் முன்னணியில் நின்றவர் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2009 வேதியியல் நோபலை தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார்.

எல்லாம் சரி, வினாடியையே யார் சரிபார்க்கிறார்கள்?

சீசியம் அணு. 1967-லிருந்து, சீசியம்-133 வெளியிடும் ஒரு குறிப்பிட்ட அலை 919,26,31,770 முறை துடிக்கும் நேரம் ஒரு வினாடி. முன்பு பூமியின் சுழற்சியை வைத்திருந்தார்கள். பூமி சீராகச் சுற்றுவதில்லை. அதற்கு ஈடுகட்ட 1972 முதல் 27 முறை ஒரு வினாடியைச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2017 ஜனவரி 1 காலை, நம் நேரப்படி 5 மணி 30 நிமிடம் அடிக்கும் முன். 2035-க்குள் இந்தப் பழக்கத்தைக் கைவிட 2022-ல் முடிவெடுத்துவிட்டார்கள்.

பிளாங்க் நேரம்தான் உலகத்திலேயே மிகச் சிறிய நேரமா? அதற்குக் கீழே நேரமே கிடையாதா?

அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. பல இடங்களில் அப்படி எழுதிவிடுகிறார்கள், நம்ப வேண்டாம். மாக்ஸ் பிளாங்க் 1899-ல் இயற்கையின் மாறிலிகளை மட்டும் வைத்து, மனிதன் வகுத்த எந்த அளவுகோலும் இல்லாமல் அலகுகள் அமைக்க முடியுமா என்று பார்த்தார். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, அவர் பெயரால் இன்று வழங்கும் மாறிலி ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு நேரம் வருகிறது: 5.39×10⁻⁴⁴ வினாடி. அவ்வளவு சிறிய நேரத்தில் ஈர்ப்பும் குவாண்டமும் ஒரே சமயத்தில் முக்கியமாகிவிடும். அதைக் கையாள இன்றைய கோட்பாடுகளுக்குத் தெம்பில்லை. நம் அறிவு நின்றுபோகும் இடம் அது, நேரம் நின்றுபோகும் இடம் என்று சொல்ல ஆதாரமில்லை.

எவ்வளவு சிறியது? ஒரு பிளாங்க் நேரத்தை ஒரு வினாடியாக நீட்டினால், அதே விகிதத்தில் ஒரு அட்டோ வினாடி, பிரபஞ்சத்தின் வயதைப் போல 4 கோடி மடங்குக்கும் மேல் நீளும். மனிதன் அளந்த செப்டோ வினாடிக்கும் பிளாங்க் நேரத்துக்கும் நடுவில் இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட பத்தின் அடுக்குகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப்போவது இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாரோ ஒரு மாணவியாக இருக்கட்டும்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் மணிவிழா. வாழ்த்து அட்டையில் அவருடைய அறுபது வயதைப் பிளாங்க் நேரத்தில், ஒரு இலக்கம் விடாமல் அச்சடிக்க ஆசை. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மீதியைத் தருவீர்களா?

தரமாட்டேன், காரணம் கேளுங்கள். அறுபது ஆண்டு என்பது 189,34,56,000 வினாடி. பிளாங்க் நேரத்தால் வகுத்தால் 3.512×10⁵². முழுதாக எழுதினால் 53 இலக்கம். ஆனால் பிளாங்க் நேரத்தைக் கணக்கிட ஈர்ப்பு மாறிலி வேண்டும். இயற்கையின் மாறிலிகளிலேயே மிகக் குறைந்த துல்லியத்தில் தெரிந்தவற்றில் அது ஒன்று. நான்கைந்து இலக்கத்துக்கு மேல் உறுதி இல்லை. ஆகவே ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு கால்குலேட்டர் காட்டுவதெல்லாம் வெறும் நிரப்பல். அப்பாவின் மணிவிழாவில் பொய் இலக்கம் 48 அச்சடிக்க வேண்டாம்.

அட்டையில் 3.512×10⁵² பிளாங்க் நேரம் என்று போடுங்கள். உறவினர்களுக்கும் புரிய வேண்டுமானால் கீழே 1,893 கோடி கோடி ஷேக் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.